தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்தில் கடல் சிப்பி

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, திண்டுக்கல்லிலிருந்து தாண்டிக்குடிக்கும் அங்கிருந்து கொடைக்கானலுக்கும் ஒரே நாளில் போய்வந்தேன். காரணம் ஒரு சிப்பி. அதற்கு முந்தைய வாரம் எங்கள் சபையார் தாண்டிக்குடிக்குச் சுற்றுலா போயிருந்தபோது, காப்பிச் செடிகளுக்கு நடுவே மண்ணில் வெள்ளைச் சிப்பிகள் கிடந்தன. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் கடல் சிப்பி! நோவா காலத்து வெள்ளத்துக்கு இதுதான் சாட்சி என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நானும் இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஞாயிறு பள்ளியில் என்னிடம் படிக்கும் பன்னிரண்டு பெண்பிள்ளைகளிடம் மறுநாளே காட்டினேன். "தண்ணி அம்புட்டு ஒசரம் வந்துருக்கு, பாருங்க" என்றேன்.

பெனிட்டா என்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை மட்டும் சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இது பாறைக்குள்ள இருந்துச்சா, மண்ணு மேல கெடந்துச்சா?"

நான் கவனிக்கவே இல்லை. போய்ப் பார்த்து அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் நான் சொல்வதை அப்படியே நம்புகிறவர்கள். பொய்யான சாட்சியைக் காட்டியிருந்தால் அதை நானேதான் திரும்ப வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நிலவியல் நூல்களைத் தேடிப் படிக்கிறவள் நான். காலையில் ஜெபிக்கிறவளும் நான்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இத்தனை வருடம் தைரியம் வரவில்லை.

காலை 5.40க்குத் திண்டுக்கல்லில் பேருந்து. வத்தலக்குண்டு 6.45. அங்கே இட்லி, வடை, டீ எல்லாம் சேர்த்து 55 ரூபாய். 7.15க்கு மலைப் பேருந்து கிடைத்தது. தாண்டிக்குடி சுமார் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் அதிகம் என்பதால் போய்ச் சேர 9.10 ஆகிவிட்டது. இடப்பக்க சன்னலோரம் உட்காருங்கள். வயிறு புரட்டும் ஆளாக இருந்தால் வடை வேண்டாம். (அனுபவம்.)

தோட்டத்துக்கு ஜீப் பேசினேன். அரை நாளுக்கு 1,200 ரூபாய். ஓட்டுநர் ராசு அண்ணன், எதற்குப் போகிறேன் என்று கேட்டார். பாறை பார்க்க என்றேன்.

"பாறையவா? ஊருல இல்லாத பாறையா தாயி? எல்லாரும் அருவி பாக்க வருவாக."

"சிப்பியும் பாக்கணும்ண்ணே."

"அதுக்குத் தூத்துக்குடியில்ல போகணும்" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே அடுத்த வளைவு வரை சிரித்தார்.

சாலை போட மலையை வெட்டிய ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நீலமும் சாம்பலும் கலந்த பாறை. புதிதாக உடைந்த இடத்தில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுக்கம். சார்னோக்கைட். படத்தில் மட்டுமே பார்த்திருந்த பாறையை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தேன். கடலடியில் சேறு படிந்து உருவான பாறையில்தான் சிப்பி பதிந்திருக்கும். இதுவோ பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. வயது ஐம்பது கோடி ஆண்டுக்கு மேல். இதற்குள் சிப்பி இருக்க வழியே இல்லை. பெனிட்டாவின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

"போதுமா? இல்ல பாறைய வண்டியில ஏத்தணுமா?" என்றார் ராசு அண்ணன்.

தோட்டத்தில் இறங்கியதும் குச்சியால் மண்ணைக் கிளறினேன். பத்து நிமிடத்தில் ஏழு சிப்பிகள்! பாறையில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அப்படியானால் பாறை உருவானதற்குப் பின்னால் வெள்ளம் வந்திருக்குமோ? நூல்களை எல்லாம் மறந்து, ஒரு நிமிடம் முழுதாக நம்பினேன். அதை ஒளிப்பதற்கில்லை.

அப்போது மேல் வரிசையிலிருந்து ஒரு குரல். "என்னா புள்ள, எதையும் தொலச்சுப்போட்டியா?" பாக்கியம் அக்கா. ஐம்பது வயதிருக்கும். இலங்கையிலிருந்து திரும்பிவந்த தேயிலைத் தோட்டக் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. நான் சிப்பிகளை நீட்டி, இவை இங்கே எப்படி வந்தன என்று கேட்டேன்.

"எப்புடி வரும்? லாரியில வரும்."

என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு தொட்டியில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்; அது கொதித்துச் சுண்ணாம்பாகிக்கொண்டிருந்தது. அதை வடிகட்டி, மயில்துத்தக் கரைசலோடு சேர்த்தால் காப்பி இலை நோய்க்கு மருந்து. ஐப்பசி மழைக்கு முன்னால் அடித்துவிட வேண்டும். சூளையில் சரியாக வேகாத சிப்பிகள் கரையாமல் சல்லடையில் தங்கும்.

"அத என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? செடித் தூருல கொட்டிருவோம். போன வாரம் ஒரு பஸ்ஸு சனம் வந்து பொறுக்குச்சு. பாட்டெல்லாம் பாடுனாங்க. ஐயோ பாவம், ஏதோ நேத்திக்கடனாக்கும்னு நான் பேசாம இருந்துட்டேன்."

அந்தச் சனத்தில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். பாக்கியம் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ராசு அண்ணன், "நாந்தான் தூத்துக்குடின்னு மொதல்லயே சொன்னேன்ல" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, நாளைய வகுப்பில் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

12.30க்குப் பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் பேருந்து. 2.45க்கு இறங்கி, எட்டுக் கிலோமீட்டரில் உள்ள தூண் பாறைக்கு டாக்சியில் போனேன். போய்வர 600 ரூபாய். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. சிகரங்கள் மட்டும் தீவுகளாகத் தெரிந்தன. வெள்ளம் வந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றிய உடனே கேள்விகளும் வரிசைகட்டின. உலகத்துப் பனிக்கட்டி எல்லாம் உருகினாலும் கடல் எழுபது மீட்டர்தான் உயரும்; இந்த இரண்டாயிரம் மீட்டருக்கு எந்தத் தண்ணீர்? பழனி மலையிலும் அருகிலுள்ள சில மலைகளிலும் மட்டுமே வாழும் சிலப்பன் பறவை, பேழையிலிருந்து இறங்கி வேறெங்கும் தங்காமல் நேராக இங்கேதான் வந்ததா?

பனி விலகட்டும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் கதையில் எத்தனையோ முறை வாசித்துக் கடந்துபோன இடம் நினைவுக்கு வந்து, சிலிர்த்துவிட்டது. வெள்ளம் வடிந்ததா என்று நோவா ஊகிக்கவில்லை. காகத்தை விட்டார், அது போவதும் வருவதுமாக இருந்தது. புறாவை விட்டார், திரும்பிவிட்டது. ஏழு நாள் கழித்து மறுபடி விட்டார். ஒலிவ இலையோடு வந்தது. இன்னும் ஏழு நாள் கழித்து விட்டபோது திரும்பவில்லை. அதன் பிறகும் மேல்தட்டை நீக்கித் தன் கண்ணால் பார்த்தார். இத்தனை பொறுமையான சோதனை, வேதத்துக்குள்ளேயே! கேள்வி கேட்பதால் நான் கதைக்கு வெளியே போய்விடுவேன் என்று பயந்ததெல்லாம் வீண். கதைக்குள் ஒருவர் எனக்கு முன்பே கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், நான் காட்டியது தப்பு என்று முதல் வாக்கியமாகச் சொன்னேன். லாரி, தொட்டி, சல்லடை எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "அப்ப வெள்ளமே வரலையாக்கா?" நோவா இருந்த நாட்டு ஆறுகள் பெருகி, அங்கிருந்தவர்களுக்கு உலகம் என்று தெரிந்த நிலம் முழுதும் மூழ்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியாது, நம் மலை மூழ்கியதாக இதுவரை அடையாளம் இல்லை என்றேன். பிறகு காகத்தையும் புறாவையும் வாசித்தோம். பெனிட்டா விரல்விட்டு எண்ணி, "நாலு தடவ அனுப்பிருக்காரு. கடவுள் பேசுற ஆளே நாலு தடவ பாத்திருக்காருக்கா" என்றாள். அந்தச் சிப்பிகளைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: அரசுப் பேருந்தில் போனால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவையில்லை, சொந்த வண்டி என்றால் முன்பே எடுத்துவிடுங்கள். தாண்டிக்குடியிலிருந்து கொடைக்கானல் பேருந்துகள் குறைவு. நேரத்தை இறங்கியதுமே விசாரியுங்கள். தூண் பாறையில் மாலை மூன்றரைக்கு மேல் பனி எப்போது விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு விலகவே இல்லை. தோட்டத்துக்குள் அனுமதி கேட்டே நுழையுங்கள். அங்கே அதிசயம் எதையாவது கண்டால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். ஆனால் பேருந்தில் ஏறுவதற்குள் மேல் வரிசையில் வேலை செய்கிறவரை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.