முன்னூறு வாட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் தலையெழுத்தில்லை. இது என் நாத்தனாருக்கு நடந்தது. அவள் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "வயரைச் சரியா மாட்டுங்க, பேய் ஓடிடும்" என்று சிரிப்பாள். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். ஒரு பெரியவர் அவள் கடைக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். அவர் தங்கை மகனுடையதாம். பத்தொன்பது வயது. காய்ச்சல் என்று படுத்தவன் பதினோரே நாளில் போய்விட்டான். நாலு மாதமாகிறது. தங்கை அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே பழியாய்க் கிடக்கிறாளாம். மகன் அதில் வரைந்த முப்பரிமாண வீட்டுப் படங்களைத் திறந்து திறந்து பார்க்கிறாள். அதுவோ பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. உடனே அவள் அழ ஆரம்பித்துவிடுகிறாள். சரிசெய்து கொடுத்தால் அவள் மனசு கொஞ்சம் ஆறும் என்றார்.

நாத்தனார் ஒரு வீட்டுப் படத்தைத் திறந்தாள். மாடி, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் பையன் பார்த்துப் பார்த்து வரைந்தது. அதைச் சுழலவிட்டாள். மணி 2:37. திரை உறைந்தது. மவுஸ் நகரவில்லை. விசிறி மட்டும் ஓடியது.

மெமரியை மாற்றிப் பார்த்தாள். 3:05-க்கு மறுபடி உறைந்தது. சூடு ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அப்போதுதான் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம். உறையும்போது சில சமயம் 'ர்ர்ர்' என்று இழுக்கும், அது அவளுக்குப் பழக்கம். இது அதுவல்ல. யாரோ மூச்சை இழுக்கிறார்கள்... ஏதோ சொல்ல வந்து, முடியாமல்...

ஸ்பீக்கரைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

3:22. உறைந்தது.

"ம்... ம்... அம்மா."

திரும்பிப் பார்த்தாள். கடையில் யாருமில்லை. வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் தொழில் விடவில்லை. பெட்டியைத் திறந்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. பையன் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தானே மாட்டியிருக்கிறான். அதற்கு ஐந்நூறு வாட்டாவது வேண்டும். உள்ளே இருந்த பவர் சப்ளையோ முன்னூறு. படம் சுழலும்போது கார்டு கரண்டை இழுக்கும், சப்ளையால் கொடுக்க முடியாது, எல்லாம் நின்றுவிடும். குருவி தலையில் பனங்காய். அவ்வளவுதான் விஷயம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். புதிய சப்ளை மாட்டினாள். இரண்டு மணி நேரம் வீடு சுழன்றது. நிற்கவில்லை. சத்தமும் இல்லை. பெரியவர் வந்து எடுத்துப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை 11:10. ஒரு அம்மா வந்தாள். பழைய போர்வையில் சுற்றிய அதே கம்ப்யூட்டரை மார்போடு அணைத்திருந்தாள். சரியாக ஓடவில்லையா என்று நாத்தனார் கேட்டாள்.

"ஓடுதும்மா. நிக்கவே மாட்டேங்குது."

மேஜையில் வைத்துப் போர்வையைப் பிரித்தாள். பிறகு, பழையதையே மாட்டிக் கொடுத்துவிடு என்றாள்.

மாட்டினால் மறுபடி உறையும், ஒருநாள் உள்ளே எல்லாமே கருகிப்போகும், படங்களும் போய்விடும் என்று நாத்தனார் எடுத்துச் சொன்னாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அது நின்னாத்தான் அவன் கூப்பிடுறான்."

நாத்தனார் எழுந்து போனாள். கழித்துப் போட்ட பெட்டியிலிருந்து பழைய சப்ளையை எடுத்தாள். மாட்டினாள்.

11:34. வீடு சுழன்றது. ஒரு சுற்று... இரண்டு சுற்று...

உறைந்தது.

மூச்சு...

"ம்... அம்மா."

அந்த அம்மா திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இருக்கேன்டா கண்ணு. இங்கதான் இருக்கேன்."

நாத்தனாரால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய்த் தெருவில் நின்றாள்.

மறுநாள் பெரியவர் வந்தார். கோபப்படவில்லை. சரிசெய்ததை ஏன் கெடுத்துக் கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார். தங்கை மறுபடி அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாளாம், ஆனால் இப்போது அழுவதில்லையாம். நாத்தனார் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நானும் கேட்டேன் ஐயா, உங்க மருமகன் குரல், அம்மான்னு கூப்பிட்டுச்சு என்றாள்.

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். 

"அவன் பொறந்ததிலிருந்தே பேச மாட்டான்மா" என்றார். "கையைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவான். பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட... அம்மான்னு சொன்னதில்ல."