அந்த விமானி என்ன சொன்னான்?

ராயபுரத்தில் ஒரு டாக்கீஸில், பெண்கள் பக்க வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது டோரதியின் வேலை. படம் பார்க்கும் ஆசையெல்லாம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. எழுபத்திரண்டில் ஓர் இங்கிலீஷ் யுத்தப் படம் வந்தபோதுதான், கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நிற்கத் தொடங்கினாள்.

அமெரிக்கர்களின் துறைமுகம் ஒன்றை ஜப்பான் விமானங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தாக்கிய கதை அது. இரண்டு பக்கத்தையும் காட்டினார்கள். இங்கே சவரம் செய்துகொண்டிருக்கும் சிப்பாய்கள். அங்கே கப்பல் மேல்தட்டில் தலையில் துணி கட்டி நிற்கும் பையன்கள்.

டோரதியின் அப்பா கப்பலில் கரி தள்ளியவர். நாற்பத்திரண்டில், ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்புத் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு விழுந்து செத்துப்போனார். குண்டு போட்டவனுக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. திரையிலோ, புறப்படுமுன் ஒரு விமானி மெக்கானிக்கிடம் ஏதோ சொல்கிறான், இருவரும் சிரிக்கிறார்கள். என்ன சொன்னான்? அது தெரியாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இடைவேளையில் டீ குடிக்க இறங்கிய ஆபரேட்டர் லோகநாதனைப் பிடித்தாள். "இன்னா லோகு சொல்றான் அவன்?"

"அமெரிக்காவ அழிக்காம வரமாட்டேன்னு சத்தியம் பண்றான்க்கா."

மறுநாள் கேட்டால், அம்மாவை நினைத்துக்கொள்கிறான் என்றான் லோகு.

"நேத்து வேற சொன்னியே!"

"கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடுதுக்கா. அது ஓடற வேகத்துக்கு நான் எங்க படிக்கறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு ஒரு ஜப்பான்காரர் வந்திருந்தார். இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பலின் சமையல்காரர், ஞானஸ்நானப் பெயர் பவுலோ. டோரதியின் கணவன் ஹென்றிக்கு ஹார்பரில் வேலை, கொஞ்சம் இங்கிலீஷ் வரும். கோயில் வாசலிலேயே அவள் அவன் சட்டையை இழுத்தாள். "அவர கூப்புடுங்க. சாப்புட்டுட்டு மேட்னிக்குப் போலாம்."

"இன்னாடி, வூட்ல மீன் கொழம்பு தானே கீது?"

"அவரும் கடல்காரர் தானே? துன்னுவாரு."

வியர்க்க வியர்க்கத் தின்றார். மூவரும் டாக்கீஸ் போனார்கள். அந்தக் காட்சி வந்ததும் டோரதி ஹென்றியை இடித்தாள். பவுலோ தன் கன்னத்தைத் தடவிக் காட்டி ஏதோ சொல்ல, ஹென்றி சிரித்தான்.

"மூணு நாளா பல்லு வலியாம். போய்ட்டு வந்து புடுங்கிக்கணும்ங்கறான்."

"அவ்ளோதானா?"

டோரதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அப்பாவைக் கொன்றவனுக்கும் அன்று காலை ஏதாவது வலித்திருக்குமோ?

திரையில் குண்டுகள் விழத் தொடங்கியதும் பவுலோ எழுந்து வெளியே போனார். இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். சோடாக் கடை ஓரம் நின்றிருந்தார். ஹென்றி கேட்டதற்கு, "நாகசாகி" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: அணுகுண்டு விழுந்த காலை அக்கா மரியா பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனவள், திரும்பவில்லை. அவர் அன்று வெளியூரில் இருந்ததால் பிழைத்தார்.

"எங்கப்பா கதையும் சொல்லுங்க," என்றாள் டோரதி. ஹென்றி தடுமாறித் தடுமாறிச் சொன்னான். கேட்டு முடித்த பவுலோ அவள் முன்னால் குனிந்து வணங்கினார். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் குனிந்தாள்.

கப்பல் போயிற்று. படமும் மாறியது. பவுலோ மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசைக்குச் செத்தவர்கள் பேர் கொடுக்கப் போனாள். அப்பா பேரைச் சொன்னாள். மரியா என்றாள். பிறகு தயங்கி, "ஒரு பைலட்டு. பேர் தெரியாது, ஃபாதர்."

"உனக்கு என்ன உறவும்மா?"

"எங்கப்பா மேல குண்டு போட்டவன்."

ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். "அவன் செத்துட்டானா?"

"அதுவும் தெரியல ஃபாதர். உசுரோட இருந்தா அதுக்கும் சேத்து வேண்டிக்குங்க."