அத்தையின் கழுத்தும் என் காலும்

என் குசினிச் சுவரில், கரண்டி மாட்டும் ஆணியில், ஒரு துணி முடிச்சு தொங்குகிறது. ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த துணி. ரொட்டி சுடும் தட்டின் சூட்டில் அடிப்பக்கம் பழுப்பேறி, ஓரிடத்தில் கருகியும் போயிருக்கிறது. உள்ளே கல்லுப்பு. மழைக் காலத்தில் உப்புக் கசிந்து சுவரில் ஈரக்கோடு இறங்கும். வெயில் வந்தால் அந்தக் கோடு வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வரும்போது, “அது என்னாங்க டீச்சர், கண்ணேறு கழிக்கிறதா?” என்று கேட்பார்கள். “கழுத்துப் பிடிப்புக்கு” என்பேன். அதற்குமேல் சொல்ல வேண்டுமென்றால் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு இடைவேளை போதாது.

நான் காலால் பிறந்தவள். தலை வர வேண்டிய இடத்தில் ஒரு பாதம் வந்ததைப் பார்த்து மருத்துவச்சி கையை உதறிக்கொண்டாளாம். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தைதான் அந்த நேரத்திலும் சிரித்தவள். “தலைய நீட்டுனா கூடைக் கயித்த மாட்டிப்புடுவாங்கன்னு பயந்து கால நீட்டுறாடி உம் மவ” என்றாளாம். அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. லயத்து வரிசையில் எங்கள் காம்பிராவுக்கு அடுத்த காம்பிராவில்தான் குடியிருந்தாள். எந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தாலும் அவள் வாய்ச்சத்தம் கேட்கும் நிரையில்தான் சிரிப்பும் கேட்கும் என்று சொல்வார்கள்.

காலால் பிறந்தவர்களின் பாதம் பட்டால் சுளுக்கும் பிடிப்பும் விலகிவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. தோட்டத்தில் அதற்கு வேலை குறைவதில்லை. முதுகில் கூடை, கூடையின் கயிறு உச்சந்தலையில், மழையில் நனைந்த கொழுந்தின் பாரம் முழுவதும் கழுத்தில். இப்படிச் சரிவில் நிற்கிறவர்களுக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். அத்தை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போவாள். குப்புறப் படுத்திருப்பவர்களின் பிடரியில் என் இடது பாதத்தை எடுத்து வைப்பாள். நான் கல்கண்டைச் சப்பிக்கொண்டே மிதிப்பேன். என் காலை ஊரறியச் செய்தது அவள்தான். அதற்குச் சட்டம் போட்டவளும் அவள்தான். “புள்ளையக் கண்ட நேரத்துல இழுக்கக் கூடாது. நோவுக்காரங்க வாய்விட்டுக் கேக்கணும். கேக்காம இவளாப் போயி மிதிச்சா பலிக்காது.” என்னைச் சும்மா தொந்தரவு செய்வார்கள் என்று அவள் சொன்ன சட்டம் அது. நாளாவட்டத்தில் எல்லாரும் அதைச் சாமி சொன்னதைப்போல் எடுத்துக்கொண்டார்கள். அவளும்கூட.

பிறகு நான் படித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எழுத்து எழுதியவர் எவருமில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது, மறைக்க மாட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்புகள் முடிந்ததும் ஹட்டனில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டையும் கன்வஸ் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் கூட்டத்தின் எதிரே பஸ்ஸுக்கு இறங்கி நடக்கும்போது, அத்தை எல்லாருக்கும் கேட்கிறாற்போலச் சொல்வாள், “பாதைய விடுங்கடி, எம் மருமவ போறா.”

அத்தை மகனுக்கு நான் உரிமைப் பெண். எனக்குப் பதினாறு முடிந்த கையோடு அத்தை வெற்றிலைத் தட்டோடு வந்தாள். அப்பா தட்டைத் தொடவில்லை. “படிக்கிறேங்குது புள்ள, தங்கச்சி. படிக்கட்டும், பொறவு பாப்போம்” என்றார். அப்பாவிடம் அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். அத்தானுக்கும் என்னைக் கட்டுவதில் பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. மேட்டு லயத்தில் ஒருத்தி மேல் அவருக்குக் கண் இருந்தது, அத்தையைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எங்க கூரையில ஒழுகுற தண்ணி டீச்சரம்மாவுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எங்களோடு பேச்சில்லை.

பேச்சில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று பொருளில்லை. லயத்துக் காம்பிராக்களின் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. மேலே இருக்கும் இடைவெளியில் ஒரு வீட்டுப் புகை மற்ற வீட்டுக்கு வரும், சொல்லும் வரும். அத்தை தன் கருப்புக் கோழியிடம் பேசுவாள். “சாப்பிடு கருப்பி. நீ என்ன இங்கிலீசா படிச்சிருக்கே, தவிடு எறங்காம இருக்க?” என்பாள். நான் ஏதாவது உரத்துப் படித்தால், “கொக்கரிச்சது போதும், முட்டையக் காணோம்” என்பாள். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது வேறொன்று. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலோ படியிலோ எதிரே வந்தால் முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். என்னை இடுப்பில் வைத்துச் சுமந்தவள். படிப்பை விடவும் எனக்கு மனமில்லை, அந்த முகத்தை விடவும் மனமில்லை. இரண்டும் எனக்கு வேண்டும் என்றுதான் அந்த ஆண்டுகள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சையில் தேறி, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை புறப்பட வேண்டும். அதற்கு முந்திய வாரம் விடாத மழை. ஒருநாள் ஈரக் கொழுந்தோடு நிறுவைக்கு வந்த அத்தை, மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்தாள். கழுத்து இடதுபக்கமாகப் போய் அங்கேயே பூட்டிக்கொண்டது. மருந்துக் காம்பிராவில் கொடுத்த தைலம் மணத்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவள் வீட்டுக்கு இடதுபக்கம் எங்கள் வீடு. வாசலையொட்டிய இஸ்தோப்பில் பலகையைப் போட்டு உட்கார்ந்தால் அவள் முகம் நேராக எங்கள் வாசலைத்தான் பார்த்தது.

நான் உள்ளிருந்து வெளியே வந்தேன். இவ்வளவு காலம் என்னைக் கண்டதும் திரும்பிய முகம் இப்போது திரும்ப முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், பலகையோடு எழுந்து, தெருவுக்கு முதுகைக் காட்டித் தன் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்தால் பார்வை எங்கள் வாசலுக்கு எதிர்த் திசையில் போகுமல்லவா! வகுப்பில் குழப்படி செய்து மூலையில் நிறுத்தப்பட்ட பிள்ளையைப்போல இருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம், “என்னா அக்கா, செவத்துக்கிட்ட கதையா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கேட்கக் கூடாதென்று உள்ளே போய்விட்டேன்.

தோட்டத்தில் காலால் பிறந்தவள் நான் ஒருத்திதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா, “நீயாப் போயி வச்சுட்டு வாயேன்” என்றாள். பலிக்காதே என்றேன். கால் பட்டால் சுளுக்குப் போகும் என்பதை நான் அப்போது நம்பவில்லை. பள்ளிக்கூடத்து முதலுதவிப் பாடத்தில் சூடான ஒத்தடம்தான் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அத்தை நம்பினாள். நானாகப் போனால் அவள் கழுத்தும் இளகாது, மனமும் இளகாது. அவள் போட்ட சட்டத்திலேயே அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

“ஏய் கருப்பி, பக்கத்து வீட்டுல காலால பொறந்தது ஒண்ணு இருந்துச்சே. சப்பாத்துப் போட்டுக் கால் தேஞ்சு போச்சோ என்னமோ, தெரியல.”

அம்மா ரொட்டியைப் பார்த்துச் சொன்னாள், “கேக்கிறவங்க நேராக் கேட்டா காலு வரும்.”

“நேராக் கேக்கக் கழுத்து எங்க நேரா இருக்கு?”

நான் அடக்க முடியாமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னேன், “கோழிக்குத்தானே சுளுக்கு? அப்ப கோழியே வந்து கேக்கட்டும்மா.”

சுவருக்கு மேலே அத்தையின் சிரிப்பு வெடித்தது. கழுத்துப் பிடித்தவள் சிரிக்கலாமா? சிரிப்போடு சேர்ந்து, “ஐயோ, அம்மா!” என்று ஒரு கதறல். மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் கதறல். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே, “அடியே கால்காரி, செத்துருவேன் போலருக்கு. வந்து எடுத்துவிடுடி” என்றாள். கால்காரி என்பது அவள் மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர். அதைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது!

அம்மா ரொட்டித் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்துவிட்டுத் தட்டை என்னிடம் தள்ளினாள். என் பழைய பள்ளிச் சட்டையின் பின்பக்கத்தில் ஒரு துண்டைக் கிழித்து, கல்லுப்பை வறுத்துக் கொட்டி முடிந்துகொண்டு ஓடினேன். அத்தை பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். “உப்பு எதுக்குடி? கால வையி” என்றாள். “மொதல்ல உப்பு, பொறவு காலு. டீச்சர் சொல்றதக் கேளுங்க” என்றேன். முடிச்சை என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அவள் பிடரியில் ஒற்றினேன். கூடைக் கயிறு பதிகிற இடத்தில் உச்சியில் முடி தேய்ந்து ஒரு தடம் இருந்தது. அதை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. கயிறுபோல முறுக்கிக்கொண்டிருந்த தசை சூட்டில் மெல்ல இளகுவது என் விரலுக்குத் தெரிந்தது. ஆறிப்போனால் மறுபடி தட்டில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். அப்படித்தான் துணி கருகியது.

“காலு” என்றாள் அத்தை விடாமல்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது மிதித்தது வேறு. வளர்ந்த பெண், அப்பாவின் தங்கை கழுத்தில் எப்படிக் கால் வைப்பது? எனக்குக் கூசியது. முதலில் அவள் காலடிக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். கால் வைப்பதற்கான மன்னிப்பாகத்தான் விழுந்தேன். விழுந்த பிறகுதான், ஊருக்குப் புறப்படுகிறவள் அத்தையிடம் ஆசி வாங்குவதும் இப்படித்தானே என்று தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எட்டிய கையால் என் தலையைத் தடவினாள். கயிற்றுத் தடம் இல்லாத என் உச்சியில் அந்தக் கை கொஞ்ச நேரம் நின்றது. “போயி படிச்சிட்டு வா. தலைய நிமித்திக்கிட்டு வா” என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “நாளைக்கு அழலாம், இப்ப மிதி” என்றாள். மிதித்தேன்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நான் இறங்கும்போது, அத்தை படியில் நின்று கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். “பாருங்கடி, எல்லாம் காலு!” என்றாள். “உப்பு!” என்று நான் கீழேயிருந்து கத்தினேன். பஸ் வளைவில் திரும்பும்வரை அவள் முகமும் கூடவே திரும்பி வந்தது. இன்றுவரை எங்களுக்குள் அந்த வழக்குத் தீரவில்லை. அத்தான் மேட்டு லயத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டார். அத்தை அவளோடும் சண்டை போட்டு, சேர்ந்து, சந்தோஷமாக இருக்கிறாள்.

பயிற்சி முடிந்து டயகமப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, அந்த உப்பு முடிச்சை அத்தை கையிலேயே கொண்டுவந்து தந்தாள். “இனி நீதான் குனிஞ்சு கெடக்கப் போறே” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். போன வாரம் பிள்ளைகளின் கொப்பிகளை இரவும் பகலும் குனிந்து திருத்தி, ஜன்னலோரக் காற்றில் அப்படியே தூங்கிப்போய், விடிந்ததும் என் கழுத்துப் பூட்டிக்கொண்டது. கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உப்பை வறுத்து ஒற்றினேன். பாதி குறைந்தது, மிச்சம் அப்படியே நின்றது.

எப்படியோ செய்தி போய், ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து சேர்ந்தாள். இடுப்பில் பேத்தி. அத்தானின் மகள், இன்னும் நடக்கவில்லை. அவளும் காலால் பிறந்தவள் என்பது எனக்குத் தெரியும். அவள் பிறந்த அன்றைக்கே அத்தை ஆளனுப்பிச் சொல்லியிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அத்தைக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. “கேளுங்க டீச்சரம்மா. வாய்விட்டுக் கேக்கணும். கேக்காம வச்சா பலிக்காது.”

“யார்ட்ட கேக்கிறது?”

“இவகிட்டதான். நானா மிதிக்கப் போறேன்?”

படித்தவள், ஆசிரியை. ஒரு கைக்குழந்தையிடம், “எனக்குக் கழுத்துப் பிடிச்சிருக்கு, எடுத்துவிடுங்க” என்று கேட்டேன். அத்தை என்னைக் குனியச் சொல்லி, அந்தச் சின்னப் பாதத்தை என் பிடரியில் வைத்தாள். வெதுவெதுப்பாக, பஞ்சாக, எடையே இல்லாமல் இருந்தது. பிறகு பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு, உப்பு முடிச்சை மறுபடி சூடாக்கி, என் வாயை அடைக்கவோ என்னவோ, அவளே ஒற்றவும் செய்தாள். ஆறிய முடிச்சைப் பக்கத்தில் வைத்தாள்.

பின்னால் ஏதோ சப்புகிற சத்தம். உப்பு முடிச்சைப் பிள்ளை வாயில் வைத்திருந்தாள். கண்ணைச் சுருக்கி, நாக்கை நீட்டி, முகத்தை அஷ்டகோணலாக்கி, மறுபடியும் வைத்தாள். நான் சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்து முடிச்சை வாங்கினேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்படிடி அவளப் பாத்தே?” என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, என் உடம்பு சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது, கழுத்து மட்டும்தான் திரும்பியிருந்தது.

“காலு” என்றாள் அத்தை.

“உப்பு” என்றேன். முடிச்சைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன்.