வில்ஃப்ரிதோவுக்கு விழுந்த சீட்டு

எங்கள் கொன்செப்சியோன் பஸ் நிலையத்தில் மைக்கில் பேசுகிறவர் வில்ஃப்ரிதோ. எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று ஊருக்கே சொல்லும் குரல். மைக்கை அணைத்துவிட்டால் மனுஷன் வாயே திறக்க மாட்டார். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. காலையில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து மாத்தே என்கிற இலைத் தேநீரை ஒரே கோப்பையில் கைமாற்றி உறிஞ்சும்போது அவர் தன் கோப்பையோடு கண்ணாடி அறைக்குள் தனியாக இருப்பார். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் எனக்கோ, மற்றவர்களுக்கோ, கூப்பிடத் தோன்றியதில்லை.

ஜூலை முப்பது சிநேகிதர் தினம். எங்கெங்கோ கொண்டாடுகிறார்களாம். ஆரம்பித்தது எங்கள் ஆற்றோடு மேலே போனால் வரும் பினாஸ்கோ ஊரில், ஒரு டாக்டர் கூட்டாளிகளோடு சாப்பிட உட்கார்ந்த மேசையில். அதனால் எங்களுக்குக் கர்வம் ஜாஸ்தி. ஒரு வாரம் முன்னாலேயே எல்லார் பேரையும் தொப்பியில் போட்டுக் குலுக்குவோம். ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் யார் பேர் வருகிறதோ, அவருக்கு யாரும் பார்க்காத நேரத்தில் தின்பண்டம் வைக்கணும். முப்பதாம் தேதி எல்லார் முன்னாலும் பரிசு கொடுத்துக் கட்டிப்பிடிக்கணும். தன் பேரே வந்தால் சொல்லிவிடணும், மறுபடி குலுக்குவோம்.

இந்த வருஷம் வில்ஃப்ரிதோவுக்குத்தான் யோகம். தினமும் அவர் மேசையில் ஏதாவது இருக்கும். கடலை மிட்டாய், சூடான சீப்பா ரொட்டி, ஒருநாள் கம்பளி சாக்ஸ். "பாருங்கக்கா, இன்னைக்கு என்ன வெச்சிருக்காங்கன்னு" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். முகமெல்லாம் பூரிப்பு.

"யாரோ உங்க மேல கண்ணு வெச்சிருக்கா அண்ணே, ஜாக்கிரதை" என்று கேலி செய்தேன். எனக்கு வந்ததோ ஒரே ஒரு மிட்டாய், அதுவும் பிசுபிசுத்தது.

ஜூலைதான் எங்களுக்குக் குளிர்காலம்; முப்பதாம் தேதி தெற்குக் காற்று எலும்பைக் குத்தியது. அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்து பரிசு கொடுத்துக் கட்டிப்பிடித்து முடித்தோம். அவருக்காக யாரும் எழவில்லை. அவரும் எழவில்லை.

"யாருப்பா வில்ஃப்ரிதோவோட ஆளு?" என்றேன்.

"விடுங்கக்கா. காலையிலயே கொடுத்துட்டாங்க. கூச்ச சுபாவம்" என்றார் வில்ஃப்ரிதோ.

"அதெப்படி? மத்தவங்கதான் கொடுத்து முடிச்சாச்சே. நீங்க யாரை எடுத்தீங்க? சீட்டைக் காட்டுங்க." எனக்கு வாய் நிற்காது.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவர் பேர்தான். அந்த ரொட்டியும் சாக்ஸும் அவரே வாங்கி வைத்துக்கொண்டவை.

"என்னண்ணே இது, சொல்லியிருந்தா திரும்பக் குலுக்கியிருப்போமே" என்றாள் நிலையத்தில் எம்பனாதா பலகாரக் கடை வைத்திருக்கும் நிமியா.

"குலுக்கினா யாருக்காவது நான் வந்துடுவேனேம்மா. போன வருஷம் உனக்கு வந்தேன். மாத்திக்கிறியா, மாத்திக்கிறியான்னு நீ ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுட்டுத் திரிஞ்சதை நான் கண்ணாடி வழியாப் பார்த்துட்டுத்தான் இருந்தேன்." குரலில் கோபமே இல்லை. "இந்தத் தடவை எனக்கு நானே வந்ததும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

நிமியா தலையைக் குனிந்துகொண்டாள். நான் கட்டிப்பிடிக்கலாம் என்று எழுந்து அவர் பக்கம் போனேன்.

"வேண்டாங்கக்கா. இப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற அசுன்சியோன் பஸ்ஸுக்கு அறிவிப்புச் சொல்லப் போனார்.