தொட்டுவிட்ட கிண்ணம்

தாயாங் ஊர் எலுமிச்சைக் கொட்டகையில் லமூன் பிரித்து வைத்த கூடையை யாரும் மறுபடி கிளறிப் பார்ப்பதில்லை. பெரியது, நடுத்தரம், சிறியது என்று அவள் கண் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். வீட்டிலும் அப்படியே. வாசலில் செருப்புகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். மீன்சாறு புட்டியின் கழுத்தில் ஒரு சொட்டுக்கூடக் காய்ந்திருக்காது.

ஆறாவதோடு பள்ளியை விட்டவள். அம்மா இறந்துபோனபோது தம்பி நிருத்துக்கு நடை சரியாக வராத வயது. அவனை மடியில் போட்டுக்கொண்டே எலுமிச்சை பிரித்தாள். அவனைத் தொழிற்கல்லூரி வரை படிக்க வைத்தாள். அவன் மின்வேலைக்குச் சான்றிதழ் வாங்கிய அன்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தேங்காய்ப்பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். பேச்சு எங்கே தொடங்கினாலும் “எங்க மோட்” என்றுதான் வந்து முடியும். மோட் என்பது தம்பியின் வீட்டுப் பெயர். எறும்பு என்று அர்த்தம். சர்க்கரை டப்பாவை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துப் போகிற பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது?

அந்த மோட் இந்த மழைக்காலத்துக்கு மொட்டையடித்துக் காவி கட்டிப் புத்த விகாரைக்குப் போனான். ஊரில் எல்லா வீட்டுப் பையன்களும் செய்வதுதான். பெற்றவளுக்குப் புண்ணியம் சேரும். மழைக்காலம் முடிந்ததும் காவியை விட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஐஸ் தொழிற்சாலையில் அவன் வேலையைக்கூட வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். ஆனால் மழை நின்று, கூட இருந்த பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பிய பிறகும் மோட் வரவில்லை. அவன் விகாரையிலேயே தங்கிவிடப் போகிறானாம் என்று சந்தையில் பேச்சு.

“நேராப் போய்க் கேளேன்டி,” என்றாள் புவா. கொட்டகையில் லமூனுக்குப் பக்கத்து முக்காலிக்காரி.

“சாமியா இருக்கறவர வெளிய வாங்கன்னு கூப்புடறது பாவம்.”

“அப்ப வாய மூடிக்கிட்டு இரு.”

“வாயத் தெறக்கவே போறதில்ல. கண்ணாடிச் சேமியா யம் பண்ணிக் கொண்டுபோகப் போறேன்.”

புவா கையிலிருந்த எலுமிச்சையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “வாயால கேட்டா பாவம், வயித்தால கேட்டா புண்ணியமாக்கும்! நல்ல கணக்குடி உன்னோடது!”

லமூன் சிரிக்கவில்லை. யம் என்றால் புளிப்பும் காரமுமான சேமியாக் கலவை. மோட் எந்த ஊரில் வேலைக்குப் போனாலும், யம் கலக்கிறேன் என்று போனில் சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவான். அந்த வீட்டு ருசி நாக்கில் பட்டால் வீட்டு ஞாபகம் வராதா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்தாள். பாசிப்பயறு சேமியாவைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள். வெந்நீரில் ஊறவைத்தால் வெளியே குழைந்து உள்ளே விறைத்து நிற்கும். மல்லி வேர், பூண்டு, ஊசிமிளகாய் மூன்றையும் உரலில் இட்டு நைத்தாள். உதவிக்கென்று வந்த புவா வெங்காயத்தை உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“அடிப்பாவி, இத்தனை மிளகாயா? சாமிங்க வாயத் தொறந்து மந்திரம் சொல்லவேணாமா?”

“அவருக்கு இதுதான் அளவு.”

“மத்த சாமிங்க?”

“அவங்களுக்குக் கோழிக் கொழம்பு இருக்கு.”

கொத்திய பன்றிக்கறியைச் சிறிது தண்ணீரில் வேகவிட்டு, அந்தச் சாற்றையும் சேர்த்தே எடுத்து வைத்தாள். இறால் வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாறியதும் இறக்கினாள். பனஞ்சர்க்கரையை மீன்சாற்றில் கரைத்தாள். எலுமிச்சைக்கு மட்டும் காத்திருந்தாள். சூட்டோடு பிழிந்தால் கசக்கும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சுடவில்லை என்று தெரிந்த பிறகே பிழிந்தாள். கூடை கூடையாகப் பார்த்தவள், அன்றைக்கு நான்கு பழத்தைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். சேமியாவைக் கொதிநீரில் முக்கி எடுத்துக் கத்தரியால் வெட்டினாள். அத்தனையும் ஒரே நீளம்.

“அளந்து பாக்க ஸ்கேல் கொண்டாரட்டுமா?” என்றாள் புவா.

யம்மைப் பொறுத்தவரை ஒரு தொல்லை உண்டு. கலந்த உடனே சாப்பிட வேண்டும். விட்டுவைத்தால் சேமியா சாற்றையெல்லாம் குடித்துவிட்டு உருண்டையாகிவிடும். அதனால் சாற்றைப் புட்டியிலும், சேமியா தனி, கறியும் இறாலும் தனி, கீரை தனி, வறுத்த கடலை தனி என்று நான்கு அடுக்குத் தூக்கிலும் எடுத்துக்கொண்டு போய், விகாரைக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான் கலந்தாள். அரைப் புட்டி சாற்றை மிச்சம் வைத்தாள்.

மோட் வரிசையின் கடைசியில் இருந்தான். புதியவர்களுக்கு அதுதான் இடம். இளைத்திருந்தான். பார்வை தரையில் இருந்தது. எதிரில் லமூன் மண்டியிட்டுக் கிண்ணத்தை இரு கையாலும் உயர்த்தினாள். பெண் கையிலிருந்து நேராக வாங்கக்கூடாது என்பதால் அவன் துணியை விரித்தான். அவள் துணியின்மேல் கிண்ணத்தை வைத்தாள். அவன் முகத்தில் எதுவுமே தெரியவில்லை. யாரோ ஒரு சாமி யாரோ ஒரு பெண்ணிடம் வாங்கிக்கொண்டது போலிருந்தது.

பெரிய சாமி ஆசி வழங்கத் தொடங்கினார். அன்றைக்கு யாரோ கூரைக்கு ஓடு கொடுத்திருந்தார்கள்; அவர்கள் குடும்பம் முழுவதையும் பெயர் சொல்லி வாழ்த்தினார். லமூனின் கண் கிண்ணத்தைவிட்டு நகரவில்லை. பளபளவென்றிருந்த சேமியா மங்கிக்கொண்டு வந்தது. அடியில் நின்ற சாறு காணாமல் போனது. இனி கரண்டியை விட்டால் மொத்தமும் ஒரே கட்டியாக எழுந்து வரும். இதையா அவன் சாப்பிடப் போகிறான்?

அவள் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது. புட்டியைத் திறந்து மிச்சச் சாற்றை ஊற்றி, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியால் நன்றாகக் கிளறிவிட்டாள்.

“அடியே! படைச்சதுல கை வச்சிட்டியே!” புவாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

வாழ்த்து நின்றது. வரிசையிலிருந்த சாமிகள் எல்லோரும் திரும்பினார்கள். படைத்த உணவை மறுபடி தொட்டால் அது தொட்டவருடையதாகிவிடும். புதிதாகப் படைத்தால்தான் சாமி உண்ணலாம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது. லமூன் கையில் கரண்டியோடு கல்லாய் உட்கார்ந்திருந்தாள்.

“இது விகாரைம்மா, உன் வீட்டு அடுப்படி இல்ல,” என்றார் பெரிய சாமி. “பரவால்ல, இன்னொரு தடவ குடு. புண்ணியம் ரெண்டாப் போச்சு.”

அவள் கிண்ணத்தை மறுபடி தூக்கினாள். மோட் மறுபடி துணியை விரித்தான். துணி ஆடியது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவளுடைய மோட் எங்கும் போகவில்லை. அந்தக் காவிக்குள் முழுசாக இருந்தான்.

சாமிகள் சாப்பிட்டு முடிந்தபின் அவன் கூடத்துத் தூணருகே வந்து அமர்ந்தான். லமூன் தள்ளி உட்கார்ந்தாள்; படைக்க வந்தவர்கள் இன்னும் பல பேர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உபாசகி அக்கா, காரம் கொஞ்சம் தூக்கல்.”

“உங்க அளவுதான், சாமி.”

“தெரியும். எதுக்குப் பண்ணீங்கன்னும் தெரியும்.”

லமூன் தலை குனிந்தாள்.

“பெரிய சாமி இங்கயே இருந்து பாலி மொழி படிக்கச் சொல்றாரு. எனக்கும் ஆசையா இருக்கு,” என்றான் மெதுவாக. “ஆனா அம்மா இடத்துல நின்னு இந்தக் காவிய என் கையில குடுத்தது நீங்க. வான்னு சொன்னா நாளைக்கே வந்துடறேன். நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான், எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இவ்ளோ நாளா கெடக்கேன்.”

லமூன் விசாரிக்க வேண்டியதை ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

“ராத்திரி தூக்கம் வருதா?”

“படுத்ததும் தூங்கிடறேன்.”

“மத்தியானத்துக்கு மேல சாப்புடக்கூடாதே, சாயங்காலம் பசிக்குமே.”

“மொதல்ல பசிச்சுது. இப்ப இல்ல.”

“சந்தோஷமா இருக்கீங்களா?”

“இருக்கேன் அக்கா.”

பொய் சொன்னால் அவன் கை காதுமடலுக்குப் போகும். அது அவளுக்கு மட்டும் தெரியும். கை மடியிலேயே இருந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள்.

“அப்ப இருங்க, சாமி. நல்லாப் படிங்க. வீட்ட நான் பாத்துக்கறேன்,” என்றாள். மூன்று முறை தரையில் தலை வைத்து வணங்கினாள். மூன்றாவது முறை எழுந்திருக்க நேரமானது. அவனும் அவசரப்படுத்தவில்லை.

பின்பக்கம் குழாயடியில் பெண்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். புவா சோப்பு நுரையோடு ஓடி வந்தாள்.

“என்னடி சொன்னாரு? வர்றாரா?”

“இல்ல. இருக்காரு.”

“ஐயையோ! நீ ஒண்ணும் சொல்லலையா?”

“நான்தான் இருக்கச் சொன்னேன்,” என்றாள் லமூன். அடுத்த குழாயில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். “எங்க சாமி பாலி படிக்கப் போறாரு.”