கழற்றிக் கொடுத்த சக்கரம்

மாநில அரசின் விளையாட்டுத் திட்டத்துக்கு என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நின்ற இடத்திலேயே சுழலும் சைக்கிளில் ஏற்றி மிதிக்க வைத்து, மூச்சை அளந்தார்கள். சில வாரங்களில், மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் எங்கள் வீட்டு கராஜுக்குள் ஒரு பந்தயச் சைக்கிள் வந்து நின்றது. சைக்கிள் அவர்களுடையது. சட்டையும் அவர்களுடையது. நான் எதைச் சாப்பிடலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். வீட்டில் புட்டு அவிக்கும்போது நான் உப்பில்லாத கோழி இறைச்சியை மென்றுகொண்டிருப்பேன். பயிற்சியாளர் என் இடுப்புக் கொழுப்பை இடுக்கியால் பிடித்து அளந்து, மற்றப் பெண்களுக்கும் கேட்கும்படி வாசிப்பார். தேசிய அணியில் இடம் உண்டு என்று அவர் சொல்லியிருந்ததால் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

தேர்வுப் பந்தயம் மெல்பேர்னுக்கு வெளியே ஒரு மலைச்சாலையில் நடந்தது. முதல் நாள் மழை பெய்திருந்தது. பாதை முழுக்கச் சேறு. கடைசி ஏற்றம் தொடங்கும்போது நான் முன்னணியில் இருந்தேன், கால்களில் இன்னும் பலம் இருந்தது. பக்கத்தில் வந்த எங்கள் அணிப் பெண்ணுக்கு முன் டயர் வெடித்தது. உதவிக் கார் வெகு பின்னால் இருந்தது. காதுக்குள் இருந்த கருவியில் பயிற்சியாளர் கத்தினார்: "நில்! உன் சக்கரத்தைக் கழற்றி அவளுக்குக் கொடு."

நின்றேன். கொடுத்தேன். அவள் போனாள். முன்சக்கரம் இல்லாத சைக்கிளைப் பிடித்தபடி நான் வேலியோரம் நிற்க, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள்.

அவள் வென்றாள், தேசிய அணிக்கும் போனாள். அடுத்த கிழமை பயிற்சியாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பெரிய பந்தயத்தில் நீ எதையும் சாதிக்கவில்லை. திட்டத்தில் உனக்கு இனி இடமில்லை."

"நீங்கள்தானே நிற்கச் சொன்னீர்கள்?"

"நீ நிற்காமல் போயிருக்கலாமே. உண்மையான சாம்பியன் போயிருப்பாள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. வெளியே வந்தேன். கார் தரிப்பிடத்தில் அப்பா காத்திருந்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"தே ட்ராப்ட் மீ, அப்பா. என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள். சைக்கிளையும் திருப்பித் தரட்டாம்."

சனிக்கிழமை அப்பா வழக்கம்போலக் குழாயைத் திறந்து அந்தச் சைக்கிளைக் கழுவப் போனார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு வந்து குழாயை மூடினார்.

"என்னப்பா செய்யிறீர்? மற்றாக்களின்ரை சாமானை ஊத்தையா குடுக்கிறதே?" என்றார் அப்பா.

"ஓம், ஊத்தையாத்தான் குடுக்கிறது. என்ரை பிள்ளையைப் பிழிஞ்சு எடுத்துப்போட்டு எறிஞ்சிருக்கிறாங்கள். அவங்களே கழுவட்டும்."

காய்ந்த சேறு உதிர உதிர, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சைக்கிளைக் காருக்குள் ஏற்றினார்கள்.

இரண்டு வருடத்தில், முழங்கால் பழுதாகிவிட்டது என்று சொல்லி என் சக்கரத்தில் வென்ற அந்தப் பெண்ணையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளருக்கோ பதவி உயர்வு. இப்போது தொலைக்காட்சியில் இளம் பெண்களின் மன உறுதியைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.