மெட்டுத் தெரியாத பெரியம்மா

என் பெரியம்மாவுக்குப் பாட வராது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தோம். அதற்குக் காரணமும் இருந்தது. தையல் கூடத்தில் பகல் முழுக்கச் சட்டைகளுக்குக் காலர் வைத்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார். முகம் கழுவிவிட்டுத் துணி மடிக்க உட்காருவார், பாட ஆரம்பிப்பார். அந்தப் பாட்டு மேலேயும் போகாது, கீழேயும் போகாது. ஒரே இடத்தில் நின்று, எப்போதாவது ஒரு படி இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர்தான் அதற்குப் பெயர் வைத்தார்.

"கம்ப்ரஸர் ஓட ஆரம்பிச்சாச்சு," என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பெரியம்மா கண்டுகொள்ளவே மாட்டார்.

உண்மையில் அவர் பாடியது பாட்டின் பாதி. எங்கள் தெருமுனை நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு சேர்ந்திசைக் குழு கூடும். முதல் வரிசைக்காரர்கள் மெட்டைப் பாடுவார்கள். இரண்டாம் வரிசை அதே சொற்களை அந்த மெட்டுக்கு அடியில் வேறு வழியாகப் பாடிக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அழகு. பெரியம்மா இரண்டாம் வரிசை. நாங்கள் சேர்த்துக் கேட்டதே இல்லை. நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் எங்களுக்கு அன்றைக்கென்று தலைவலி வரும். பெரியப்பா சனிக்கிழமைகளில் அவரை அழைத்துவர ஸ்கூட்டரில் போவார், ஆனால் மாடி ஏறமாட்டார். ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. அவர் ஜன்னலைத் திறந்தால் இவர் சாத்துவார். இவர் மழை வரும் என்றால் அவர் துணியைக் காயப்போடுவார். சண்டை என்றும் சொல்ல முடியாது. யாரும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனதில்லை. "எப்படித்தான் குப்பை கொட்டறாங்களோ," என்று என் அம்மா மட்டும் அவ்வப்போது பெருமூச்சு விடுவாள்.

குழுவை நடத்தியவர் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைத் தத்துவம் சார் என்பார்கள். நல்ல மனிதர், வாயைத் திறந்தால் மூடத் தெரியாது, அவ்வளவுதான். முந்தைய ஆண்டுப் போட்டியில் அவருக்கு ஒரு அவமானம் நேர்ந்திருந்தது. ஒரு பாட்டின் நடுவே இரண்டு வரிசைகளின் சுரங்களும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி நெருங்கி வரும். அந்த இடத்தில் இரண்டாம் வரிசையில் இருவர் மெட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவர்கள் பின்னால் சிலர் போனார்கள், சிலர் பாதியில் திரும்பினார்கள், மொத்தப் பாட்டும் சந்தைக்கடை ஆகிவிட்டது. அரங்கமே சிரித்தது.

அதனால் இந்த ஆண்டு அவர் ஒரு முடிவு எடுத்தார். இரண்டாம் வரிசையே வேண்டாம், எல்லோரும் மெட்டுதான்.

"இணக்கம்னா என்னங்க? ஒரே எண்ணம், ஒரே குரல். குடும்பமோ, ஊரோ, பாட்டோ, ஆளுக்கு ஒரு பக்கம் போனா உடைஞ்சுதான் போகும்," என்றார். கேட்க நன்றாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், பெரியம்மாவும்தான்.

பாட ஆரம்பித்ததும் வந்தது வினை. எத்தனையோ வருடமாகப் பாடிவந்த பாட்டின் மெட்டு பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வரிசையில் வாராவாரம் கேட்டிருப்பாரே என்று நினைப்பீர்கள். அவர் கேட்கவில்லை. மெட்டு தன்னை இழுத்துவிடும் என்று பயந்து, இரண்டாம் வரிசைக்காரர்கள் எல்லோரும் ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டுதான் பாடுவார்கள். பெரியம்மா அதில் மகா கெட்டிக்காரி.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா, இந்தத் தடவை போட்டியில மட்டும் நீங்க மேடைக்குக் கீழ உட்கார்ந்து கேளுங்கம்மா," என்று சார் தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் பெரியம்மாவை அதிகம் சுட்டது. காலருக்கும் சமையலுக்கும் நடுவே அவருக்கென்று இருந்தது அந்த மாடி ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அவர் முகம் கழுவினார். பாடவில்லை. துணியை மட்டும் மடித்தார். எங்களுக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஓடுகிற கம்ப்ரஸர் திடீரென்று நின்றால் மெக்கானிக்குக்குத் தூக்கம் வராது.

"என்ன ஆச்சு? ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்," என்றார்.

பெரியம்மா விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெட்டுதானே? எனக்குத் தெரியும்."

"உங்களுக்கா?"

"ஜன்னலுக்குக் கீழ உட்கார்ந்திருக்கேன்ல. அங்க முதல் வரிசை பாடறதுதான் கேக்கும்."

அத்தனை சனிக்கிழமையும் அவர் படித்த பேப்பரின் லட்சணம் அன்றுதான் தெரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடினார். குரல் கரகர என்றிருந்தது, ஆனால் மெட்டு பிசகவில்லை. பெரியம்மா கூடவே பாடினார். இரண்டாவது வரியிலேயே வாய் பழைய வழிக்குப் போய்விட்டது.

"நான் பாடறதைப் பாடு."

"அதைத்தான் பாடறேன்."

"எங்க பாடற? முதல்ல காதுல இருந்து விரலை எடு. என் பாட்டைக் கேளு."

பெரியம்மா விரலை எடுத்தார், கேட்டார். கேட்டுக்கொண்டே தன் வழியில்தான் போனார். பெரியப்பாவும் விடுவதாக இல்லை, குரலை உயர்த்தினார். விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத இரண்டு பேர். என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். இத்தனை நாள் நாங்கள் சிரித்த அந்த ஒற்றைச் சத்தம் மெட்டைத் தாங்கிக்கொண்டு போனது. சிரித்ததற்கெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் பெரியப்பா கேட்டார். "இதுவா நீ இத்தனை வருஷமா பாடினே?"

"நீங்க பாடறதையே நானும் பாடறதுக்கு, நான் எதுக்கு?" என்றார் பெரியம்மா.

சனிக்கிழமை பெரியப்பா மாடி ஏறினார். நானும் போனேன்.

"எனக்கு மெட்டு இப்போ தெரியும் சார். ஆனா பாட வரலை. ஒரு தடவை என் வழியில பாடறேன், கேளுங்க. பிடிக்கலைன்னா கீழ உட்கார்ந்துக்கறேன்," என்றார் பெரியம்மா.

சார் தயங்கினார், பிறகு கையை உயர்த்தினார். மாடி முழுக்க மெட்டு, அதற்கு அடியில் தன்னந்தனியாகப் பெரியம்மா. பழக்கத்தில் விரல் காதுக்குப் போனது. போன வருடம் இரண்டாம் வரிசை விழுந்த அந்தப் பொல்லாத இடம் நெருங்கியது. அங்கே அவர் விரலை எடுத்துவிட்டார். முதல் வரிசைப் பக்கம் முகத்தைத் திருப்பி, அவர்கள் பாடுவதை நன்றாகக் கேட்டுக்கொண்டே, தன் இடத்தில் அசையாமல் நின்றார். அந்த இடம் கடந்தது. பின்னாலிருந்து பழைய இரண்டாம் வரிசைக்காரி ஒருத்தி மெல்லச் சேர்ந்துகொண்டாள், பிறகு இன்னொருத்தி.

முடிந்தபோது தத்துவம் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன வருஷம் ஏன்மா விழுந்தோம்?" என்றார்.

"காதைப் பொத்திக்கிட்டே பழகிட்டோம் சார். அவங்க சத்தம் திடீர்னு பக்கத்துல கேட்டதும் மிரண்டுட்டோம்."

"அப்போ ரெண்டாம் வரிசை இருக்கட்டும். எல்லாரும் எல்லாத்தையும் முதல்ல கேட்டுப் பழகலாம்," என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். பெரியப்பா விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

மறுநாள் மாலை பெரியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லை. பெரியப்பா பிரித்துப்போட்ட மோட்டாரின் முன்னால் உட்கார்ந்து இருமிப் பார்த்தார்.

"என்ன, இன்னிக்கு ஓடலையா?"

"மெட்டு இல்லாம ஓடாது."

அவர் எங்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, முதல் வரியை எடுத்தார்.

"ரொம்ப மேல எடுக்கறீங்க," என்றார் பெரியம்மா.

"இல்லை, சரியாத்தான் இருக்கு."

அதற்கே வெகுநேரம் விவாதம் நடந்தது. பிறகு பாடினார்கள்.